அப்பாவின் இடது கண்ணும் அத்தையின் சொட்டு மருந்தும்

மீனாட்சிபுரம்
கார்த்திகை 19, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சிவப்பிரகாஷுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் ஆறு மாடுகளும் நலம், கண்களில் மட்டும் மூன்று நலம், நான்காவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ அயர்லாந்துக் குளிருக்குத் தக்கபடி உடுத்திக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் இதென்ன புதுப் பழக்கம் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டால் உன் அப்பாதான் எடுக்கிறார், எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டு "ஒண்ணுமில்ல சாமி, நல்லாத்தான் இருக்குது" என்று நான் வாயைத் திறப்பதற்குள் முடித்துவிடுகிறார். என் போனில் தமிழ் அடிக்கலாம் என்றால் அது என்னைவிட அதிகம் படித்ததுபோல ஒவ்வொரு சொல்லையும் திருத்துகிறது. அதனால் பள்ளிக்கூடத்து விடைத்தாளில் கையால் எழுதிப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். மேலே எண் போட்டிருக்கிறேன், வரிசையாகப் படி, கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்காதே. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் அந்தப் பொம்மையை அனுப்பினால் அதை நான் பதிலாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

நடந்ததில் உனக்குப் பாதிதான் தெரியும், அந்தப் பாதியும் உன் அப்பா சொன்ன பாதி. ஆகவே முதலிலிருந்து எழுதுகிறேன். ஐப்பசி முதல் வாரத்து மழையில் சோளத்தட்டுப் போரின் மேல் போட்டிருந்த தார்ப்பாயில் எலி கடித்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, பாதிப் போர் உள்ளுக்குள்ளேயே வெந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம், கை வைத்தால் புகைபோலப் பொடி கிளம்புகிறது. எடுத்துக் குப்பைக்குழியில் போடுங்கள் என்று நான் சொன்னேன். "காஞ்சா சரியாப் போயிரும், மாடென்ன கண்ணாடி போட்டுப் பாத்தா திங்குது" என்றார் உன் அப்பா. மாடுகள் கண்ணாடி இல்லாமலேயே மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. இந்த வீட்டில் அன்றைக்குச் சரியான முடிவெடுத்தவை அவை ஆறுதான். அவர் விடவில்லை, நல்ல தட்டும் கெட்ட தட்டுமாகக் கலந்து போட்டால் மாட்டை ஏமாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டுப் போரின் உச்சியிலிருந்து ஒரு கட்டை இழுத்தார். காய்ந்த தோகை ஒன்று சுழன்று வந்து இடது கண்ணில் அடித்தது. சோளத்தோகை காய்ந்தால் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், உனக்கே தெரியும், சின்ன வயதில் கன்னத்தில் கிழித்துக்கொண்டு வந்து நின்றவன் நீ.

கண்ணைக் கழுவினார், தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது, திறக்க முடியவில்லை. அடுத்த வீட்டிலிருந்து உன் அத்தை பொன்னாத்தாள் வந்தார். தம்பிக்குத் தும்மல் வந்தாலும் அவர் வந்துவிடுவார் என்பது உனக்குப் புதிதல்ல. வந்தவர் உடனே பூவாத்தாளைக் கூட்டி வரச் சொன்னார். பூவாத்தாளை உனக்கு நினைவிருக்கும், வடக்குத் தோட்டத்துக்கு அப்பால் இருக்கிறவர், கண்ணில் விழுந்த தூசியை நாக்கு நுனியால் தொட்டு எடுக்கிறவர், நெல் தூற்றும் காலத்தில் கொழிஞ்சாம்பாறை வரையில் இருந்தும் ஆட்கள் அவரைத் தேடி வருவார்கள். அவர் வாசல்படி ஏறியதும் நான் ஆரம்பித்தேன். மனித வாயில் எத்தனை வகைக் கிருமி இருக்கிறது, ஒருவர் எச்சில் இன்னொருவர் கண்ணில் பட்டால் என்ன ஆகும், இந்தக் காலத்திலுமா இப்படி என்று வகுப்பில் பேசுகிற குரலில் பேசினேன். அந்த அம்மாள் பொறுமையாக நின்று கேட்டுவிட்டு, உன் அப்பாவை வெளிச்சத்துக்குத் திருப்பி, இமையை விரலால் விலக்கிப் பார்த்தார். "ஏனுங் டீச்சர், நீங்க பேசி முடிச்சிட்டீங்கன்னா நான் ஒண்ணு சொல்றனுங்க. இது தூசி இல்லீங்க. கருப்புமேல கீறியிருக்குது. கீறின கண்ணுல நான் நாக்கு வெக்கறதில்லீங்க. இன்னைக்கே கண்ணு டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று சொல்லிவிட்டு, காப்பி கூடக் குடிக்காமல் போய்விட்டார். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண் சொன்னதுதான் அன்று முழுவதும் இந்த வீட்டில் பேசப்பட்ட ஒரே அறிவுள்ள வார்த்தை. நான் அதைக் காதில் வாங்கவே இல்லை. நாக்கு தோற்றது, அறிவியல் ஜெயித்தது என்ற திருப்தியில் இருந்தேன்.

நாக்கு வேண்டாம் என்றால் மருந்து இருக்கிறது என்றார் உன் அத்தை. ஆவணி மாதம் இலவச முகாமில் அவருக்குக் கண்ணில் பொரை எடுத்தார்கள் அல்லவா, அப்போது கொடுத்த சொட்டு மருந்து, குலுக்கினால் பால்போல வெள்ளையாக வரும், அதில் பாதிக்கு மேல் மீதி. அது அவர் வீட்டுப் பிரிட்ஜின் கதவில் ஊறுகாய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஊர் முழுக்க வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தது. நவீன்குமாருக்குக் கண்கட்டி வந்தபோது அதுதான், பால் சொசைட்டியில் அளக்கிறவருக்குக் கண் சிவந்தபோதும் அதுதான். ஒரு கன்றுக்குட்டிக்குக் கூட விட்டிருக்கிறார், கன்று பிழைத்துக்கொண்டது, அதிலிருந்து மருந்துக்கு நல்ல பெயர். எனக்கு ஒரு நிமிடம் சந்தேகம் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் அந்த நேரம் பார்த்து நீ வீடியோவில் கூப்பிட்டாய். உன் அத்தை பாட்டிலைப் போனுக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். நீ எங்கேயோ பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாய், காற்று இரைச்சல் கேட்டது. லேபிளைப் படித்துவிட்டு, "ஆமா அத்தை, இது கண்ணுக்குத்தான், வீக்கம் சிவப்பு எல்லாம் குறையும், நாலு வேளை போடச் சொல்லுங்க" என்றாய். இருபது வினாடி இருக்கும். கண்ணைக் காட்டு என்று நீ கேட்கவில்லை, நாங்களும் காட்டவில்லை. மருந்துக் கம்பெனியில் நீ செய்கிற வேலை பெட்டிமேல் ஒட்டும் லேபிளில் எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது. அந்த வேலையை அன்றைக்கும் நீ சரியாகத்தான் செய்தாய், லேபிளில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் இங்கே இருக்கிறவர்களுக்கு மருந்துக் கம்பெனியில் இருப்பவன் டாக்டருக்கும் ஒருபடி மேல், நீயும் ஒருநாளும் அதை மறுத்ததில்லை.

நான் உன்னை மட்டும் சொல்லவில்லை. தாவரவியலில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு, இருபத்திரண்டு வருஷமாக பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டை நனைத்து மூடி வைத்து, நான்காம் நாள் பூத்த பூசணத்தை மைக்ரோஸ்கோப்பில் காட்டுகிறவள் நான். அந்தப் போர் எப்படி இருந்தது என்று என் கண்ணால் பார்த்தவள். அதிலிருந்து வந்த தோகை கண்ணைக் கீறினால் என்ன உள்ளே போயிருக்கும் என்று யோசிக்க எனக்குப் படிப்பு பற்றாமல் இல்லை. யோசிக்காமல் தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்து நாலு வேளையும் அந்த மருந்தை விட்டது இந்தக் கைதான். இரண்டே நாளில் சிவப்பு போய்விட்டது. உன் அத்தை தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார், அயர்லாந்திலிருந்து பார்த்து என் தம்பி மகன் குணமாக்கினான் என்று. ஆறாம் நாள் காலை கருவிழியின் நடுவில் அரிசிக் குறுணை அளவுக்கு ஒரு வெள்ளை தெரிந்தது. ஓரம் நேராக இல்லை, இறகு பிரிந்த மாதிரி இருந்தது. அந்த ஓரத்தை நான் நூறு தடவை ரொட்டித் துண்டில் பார்த்திருக்கிறேன். பார்த்தும், பீளையாக இருக்கும் என்று சொல்லிப் பஞ்சால் துடைத்தேன். அது துடைக்க வரவில்லை.

பக்கத்தில் சித்தூரில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். அவர் விளக்கைப் போட்டுப் பார்த்ததும் கோயமுத்தூருக்குச் சீட்டு எழுதினார். அவரிடம் இருந்த நர்ஸ் பெண்தான் மெதுவாக மலையாளத்தில், "பூப்பலாணோ என்னு சம்சயம், சேச்சி, இன்னுதன்னே போய்க்கோளூ" என்றாள், பூசணமோ என்று சந்தேகம், இன்றே போய்விடுங்கள் என்று. நாங்கள் அன்றைக்கே போனோம். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் பார்த்தவர் சின்ன வயது டாக்டரம்மா, உன்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கலாம். கண்ணை மரக்கச் செய்து, சிறு பிளேடால் அந்த வெள்ளையைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்து எடுத்துப் போனார். நான் தாவரவியல் டீச்சர் என்று தெரிந்ததும் உள்ளே கூப்பிட்டுத் திரையில் காட்டினார். கணு கணுவாகத் தடுப்பு விழுந்து கிளை விட்டுக் கிளை போகிற இழைகள். நான் பாடம் நடத்துகிற படத்தில் எப்படி இருக்குமோ அப்படியே, கொஞ்சமும் மாற்றமில்லாமல், இந்தத் தடவை ரொட்டியில் இல்லை, உன் அப்பாவின் கண்ணில். மனிதன் உடம்பில் பூசணம் பிடிக்கும் என்று பரீட்சைக்கு இரண்டு மதிப்பெண் கேள்வி கேட்பேன். படர்தாமரை என்று எழுதினால் முழு மதிப்பெண் போடுவேன். கண்ணில் பிடிக்கும் என்று எழுதினால் ஒருவேளை தவறென்று அடித்திருப்பேன்.

அதுவரை என்ன மருந்து போட்டீர்கள் என்று அவர் கேட்டார். நான் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோயிருந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பி லேபிளைப் படித்தார். "இத யாரும்மா எழுதிக் குடுத்தாங்க" என்றார். நான் சொல்வதற்குள் உன் அப்பா முந்திக்கொண்டு, மெடிக்கல் ஷாப்பில் கொடுத்தார்கள் என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், அக்காவைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டரம்மா எனக்கு விளக்கினார். அது ஸ்டீராய்டு, பொரை எடுத்த கண்ணுக்கு நல்ல மருந்து. ஆனால் கண் சிவப்பதும் வீங்குவதும் உடம்பு அந்தப் பூசணத்தோடு சண்டை போடுவதால். அந்த மருந்து சண்டையை நிறுத்துகிறது, பூசணத்தை நிறுத்துவதில்லை. சிவப்பு போனது என்று நாங்கள் சந்தோஷப்பட்ட நாட்களில்தான் அது தடையில்லாமல் வேர் விட்டிருக்கிறது. தட்டு, வைக்கோல், தென்னை மட்டை பட்டு இப்படி வருகிறவர்கள் நிறைய என்றும், சீக்கிரம் வருகிறவர்கள் குறைவு என்றும் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அவர் கொடுத்ததும் வெள்ளை மருந்துதான், இது பூசணத்தைக் கொல்வது. மணிக்கு ஒரு தரம் விட வேண்டும். விட்டதும் எரிகிறது, இமை மயிரில் சுண்ணாம்புபோலக் காய்ந்து ஒட்டுகிறது, வெளிச்சம் பார்க்க முடியவில்லை. நான் பள்ளிக்கூடத்துக்கு இருபது நாள் லீவு போட்டேன். இதெல்லாம் நடக்கும்போது ஊர் வந்து பார்த்தது. சாத்துக்குடியும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி ஆளுக்கொரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, தங்கள் சொந்தத்தில் கண் போனவர்களின் பட்டியலைச் சொல்லிவிட்டுப் போனார்கள். உன் அத்தை மகன் நவீன்குமார், ஒரு வேலையும் செய்யாமலே எல்லா வேலையும் தெரிந்தவன், தேன் விட்டால் பூசணம் செத்துவிடும் என்று ஒரு வீடியோவைக் காட்டினான். அதில் பேசுகிறவர் கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருந்தார். அதைச் சுட்டிக் காட்டினேன், "அத்த, நீங்க எதுலயுமே நம்பிக்கை வெக்கமாட்டீங்க" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டான். உனக்கும் விஷயத்தைச் சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? அப்போதே இன்பெக்‌ஷன் என்று சொல்லியிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன் என்றாய். எதற்கும் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள் என்று மூன்று லிங்க் அனுப்பினாய். அப்பாவிடம், "டாக்டர் சொல்றபடி கேளுங்கப்பா" என்றாய். நல்ல வாக்கியம், யார் மேலும் படாமல் போகிற வாக்கியம். பெரிய ஆபீஸ்களில் இப்படிப் பேசப் பழக்குகிறார்கள் போலும்.

முதல் இரண்டு வாரம் வெள்ளை சுருங்கியது. பிறகு நின்றுவிட்டது. போன வெள்ளிக்கிழமை போனபோது டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். சிவப்பு இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை, புண் மட்டும் ஆழம் போயிருக்கிறது, கருவிழியின் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்றார். "வேற ஏதாவது போடறீங்களா" என்று கேட்டார். நான் கோபப்பட்டேன், இல்லவே இல்லை, மணி அடித்த மாதிரி நானே விடுகிறேன் என்றேன். உன் அப்பா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கண்ணால் அவ்வளவு அக்கறையாகக் காலண்டர் பார்க்கிறவரை அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை வரை பார்க்கலாம், அதற்குள் நின்றால் தழும்போடு தப்பிக்கும், வெளிச்சமும் ஆள் உருவமும் தெரியும், இன்னும் இறங்கினால் இறந்தவர் கண்ணிலிருந்து கருவிழி எடுத்துத் தைக்க வேண்டும், அதற்கு முன் ஓட்டை விழுந்துவிட்டால் கண்ணையே எடுக்கும்படி ஆகலாம் என்று டாக்டரம்மா சொன்னார். இந்த வெள்ளிக்கிழமைதான் அது.

சனிக்கிழமை மாலை தவிட்டு மூட்டையை நகர்த்தப் போனபோது கட்டுத்தரைச் சுவரில், மாட்டு மருந்து வைக்கிற மாடத்தில், வேப்பெண்ணெய்ப் பாட்டிலுக்குப் பின்னால் உன் அத்தையின் மருந்தைப் பார்த்தேன். அதே பெயர், புதுப் பாட்டில். சீட்டு இல்லாமல் கடையில் கொடுத்திருக்கிறார்கள். தினமும் மாலை பால் கறந்து முடித்ததும் ஒரு சொட்டு, உன் அத்தை விடுகிறார், இரண்டு வாரமாக. நான் கேட்டதற்கு உன் அப்பா மறைக்கவில்லை. "நீ விடறது எரியுது, அது விட்டா இதமா இருக்குது. ஒரே ஒரு சொட்டுத்தான்" என்றார். உன் அத்தையோ என்னையே திருப்பிக் கேட்டார், "ஏ அம்மிணி, பெத்த பையன் படிச்சுப் பாத்துச் சொன்ன மருந்து. அப்பறமும் அவன் அது வேண்டாம்னு சொல்லலியே. கோயமுத்தூர்க்காரி சொன்னா வேதம், என்ற தம்பி பையன் சொன்னா தப்பா?" என்று. நான் பாட்டிலைச் சாணிக்குழியில் எறிந்தேன். நேற்று மாடத்தில் இன்னொன்று இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த டாக்டரம்மா, "சொன்னதே நல்லதும்மா. அத அடியோட நிறுத்தணும், இத விடாமப் போடணும். வலி கூடினா வெள்ளிக்கிழமை வரைக்கும் நிக்காம உடனே வாங்க" என்றார். நிறுத்துவது யார்? நான் மறுபடி லீவு போட்டுக் காவல் இருக்கலாம். அறுபது மாட்டைக் காவல் காக்கலாம், தெரிந்தே அந்த மருந்தைக் கண்ணில் விடச் சொல்லித் தலையைச் சாய்க்கிற ஒரு மனிதரை எப்படிக் காப்பது?

நேற்று மருந்து விடும்போது இதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். உங்களுக்குப் புரியவில்லையா, அதுதான் கண்ணைத் தின்கிறது என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். பிறகு சொன்னார். "எனக்குப் புரியாம இல்ல வனிதா. அது தப்பு மருந்துன்னு நான் நிறுத்திப்போட்டா, என்ற பையன் சொல்லித்தான் கண்ணு போச்சுன்னு ஆயிருமில்ல. அவன் அங்க தனியாக் கெடக்கறான். அதுலயே இது ஆறிப்போச்சுன்னா ஒருத்தர் மேலயும் ஒண்ணுமில்லாமப் போயிரும்." ஆஸ்பத்திரியில் அந்தப் பொய்யும் அக்காவுக்காகச் சொன்னதில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்குத் திருமணம் ஆகி இருபத்தாறு வருஷம். இந்த வீட்டில் நான் கேட்காத முட்டாள்தனம் இல்லை, ஆனால் இதைவிடப் பெரியதைக் கேட்டதில்லை. கேட்டுவிட்டு, நான் பஞ்சை எடுத்துக் கன்னத்தில் வடிந்த மருந்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் நீ செய்ய வேண்டியது இது. நாளை புதன்கிழமை இங்கே மாலை நான்கு மணிக்கு, உனக்குக் காலை பத்தரை, அவர் கறவைக்கு உட்காருவதற்கு முன்னால் கூப்பிடு. வேலை இருந்தாலும் எழுந்து வெளியே போய்க் கூப்பிடு. அவர் ஸ்பீக்கரில் போடுவார், போடட்டும், உன் அத்தையும் பக்கத்தில் இருக்கும்படி நான் பார்த்துக்கொள்கிறேன். நலம் விசாரிக்காதே, அங்கே பனி பெய்கிறதா என்ற பேச்சை எடுக்காதே. அப்பா, நான் லேபிளை மட்டும் படித்தேன், உங்கள் கண்ணைப் பார்க்கவில்லை, நான் சொன்னது தப்பு, அந்த மருந்தை இனி ஒரு சொட்டும் விடக்கூடாது என்று சொல். இருந்தாலும், ஒருவேளை, அந்த நேரத்தில், பொதுவாக என்ற வார்த்தைகள் ஒன்றும் வேண்டாம். அவர் பரவாயில்லை சாமி, உன்மேல் ஒன்றுமில்லை என்று உடனே சொல்வார். அந்த இடத்தில் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடாதே. என்மேல்தான் என்று இன்னொரு தரம் சொல்லு. சொட்டு விட்டது நான் என்று என் பங்கை நேற்றே சொல்லிவிட்டேன், அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் என் தப்பு அவருக்குப் பெரிதாகப் படவில்லை. உன்னைச் சரியானவனாக வைத்திருப்பதற்கு உன் அப்பா ஒரு கண்ணைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அதை வாங்கிக்கொள்ளாதே.

தப்பை ஒப்புக்கொண்டால் இங்கே உன் மதிப்பு குறைந்துவிடும் என்று உனக்குத் தோன்றலாம். குறையும். உன் அத்தை அடுத்த தடவை பாட்டிலைக் காட்டிக் கேட்கமாட்டார், நவீன்குமார் ஊரெல்லாம் சொல்வான். இரண்டும் நல்லதுக்குத்தான். எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. ஆனால் தெரியாமல் சொன்னதற்காக இல்லை. தெரிந்த பிறகும் லிங்க் அனுப்பினாயே, அதற்கு. நாளை நான்கு மணிக்கு மேல் அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ள எனக்கும் விருப்பமில்லை.

உடம்பில் தெம்பும் புத்தியில் தெளிவும் குறையாமல் இருந்து, உன் கையால் எல்லோருக்கும் நல்லதே நடக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். அத்தையும் ஆசி சொல்லச் சொன்னார், அவர் ஆசியை மட்டும் வாங்கிக்கொள். மறக்காதே, நாளை, காலை பத்தரை.

உன் அன்புள்ள அம்மா,
வனிதா ஈஸ்வரமூர்த்தி